நைட்டி போட்ட லைன் லீடர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை நன்றாக இருக்கிறாள். போன வாரம் தத்தித் தத்தி என் கடைக்குள் நடந்து வந்து, ஒரு கல்யாண ரவிக்கைக்கு எடுத்து வைத்திருந்த ஜரிகைப் பட்டையை வாயில் போட்டுச் சப்பிவிட்டுப் போனாள். அந்த மணப்பெண்ணிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே மண்டை, ஆபரேஷன் என்றெல்லாம் வரும்போது யாரும் முந்தானையைத் தேட வேண்டாம். இது அவளுடைய அப்பன் கலைமணியின் கதை. அவனைப் பார்த்துச் சிரிப்பதில் தப்பே இல்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என் பெயர் மரகதம். வடக்குப்பட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் வீடு. கலைமணி பக்கத்து வீடு. அவன் அப்பா காலத்தில் நெல் போட்டார்கள்; இவன் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் லீடர், அதாவது ஒரு வரிசை ஆட்களுக்கு மேஸ்திரி. ஷிப்ட் முடிந்தால் கம்பெனி அவனை விட்டுவிடும், அவன் கம்பெனியை விடமாட்டான். வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்துக்குத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டிருக்கிறான். அடுப்படியில் உப்பு டப்பா, புளி டப்பாவுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு. அவன் பெண்டாட்டி ஜோதி கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் கம்பெனியில் இருந்தவள், அவளுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. ஒரு நாள் அதே மஞ்சள் டேப்பை எடுத்து, அவன் டிவி பார்க்க உட்காரும் இடத்தைச் சுற்றி ஒட்டி, நடுவில் ‘ஸ்கிராப்’ என்று, கழித்துப் போட்ட சாமானுக்கு எழுதுவதுபோல், எழுதி வைத்துவிட்டாள். அவன் கோபப்படவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் குறை சொன்னான்.

இவர்களுக்குப் பிறந்தவள் சுகப்பிரியா. பிறந்ததிலிருந்தே தலை கொஞ்சம் நீளம். வந்து பார்த்தவர்கள் எல்லாம் எண்ணெய் வைத்து உருவிவிட்டால் உருண்டையாகிவிடும் என்றார்கள். ஜோதி கேட்கவில்லை, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல வேளை. குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லையாம், பல துண்டாம். மூளை வளர வளர அவை விலகிக் கொடுக்க வேண்டுமாம். இவளுக்கு நடுவில் ஓர் இணைப்பு முன்னதாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு இது சட்டென்று புரிந்தது. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைத்தால், பிறகு பிரித்துவிடலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைப்போம். இங்கே துணி விடாமல் இறுக்கித் தைத்து அனுப்பிவிட்டார்கள். பிரித்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று ஜோதியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பாட்டம் அழுதேன். பிரிப்பது எவ்வளவு பயமான வேலை என்று ஊசி பிடிக்கிறவளுக்குத் தெரியாதா?

ஒரு வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா தேதி கொடுத்தார். கூடவே ஒரு கண்டிப்பு. அன்று விடியற்காலையில் ஒரு முறை பால், அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. வயிற்றில் பால் இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவராலேயே சொல்ல முடியாது. அதற்குள் தலை வளர்ந்தால் வேலையும் கூடும். “அம்மா மடியில இருந்தா பால் கேட்டு அழுவா. அப்பா வெச்சுக்கட்டும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

கலைமணி கையைத் தூக்கினான். “மேடம், ட்ரையல் எப்போ?”

“எந்த ட்ரையல்?”

“ஆபரேஷனுக்கு ட்ரையல்.”

“அப்படியெல்லாம் கிடையாதுப்பா. நேரா ஆபரேஷன்தான்.”

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்றவன் முகத்தில் ரத்தமே இல்லை. “மரகதக்கா, புது மாடல் வந்தா எத்தினி தபா ட்ரையல் ஓட்டிப் பாக்குறோம் தெரியுமா? வெறும் சீட்டுக்கா அது! எம் பொண்ணு தலைக்கு ட்ரையலே கெடையாதாம்.”

“அவங்க அந்த மாதிரி எத்தினியோ பண்ணிருப்பாங்கடா.”

“அவங்க பண்ணிருப்பாங்க. நான் பண்ணல இல்ல?”

அவன் பயம் டாக்டரைப் பற்றியதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகப்பிரியா ஊரில் எல்லோரிடமும் போவாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கையை நீட்டினால் போவாள். பால்காரர் கூப்பிட்டால் போவாள். மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் தோளில் தானாகத் தாவியவள் அவள். அப்பன் ஒருவனைக் கண்டால் மட்டும் வீல் என்று தெருவே அதிரும். அவன் பகல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவள் தூங்குவாள், ஓ.டி. முடித்து வரும்போது மறுபடி தூங்கியிருப்பாள். இடையில் என்றைக்காவது கண்ணில் பட்டால், யாரோ அன்னியன் நம் அம்மா கையால் சோறு தின்கிறானே என்பதுபோல் முறைப்பாள்.

“அவளுக்கு நான் யாருன்னே தெரிலக்கா” என்றான். “அன்னிக்கி நான் புடிச்சிகினு இருக்கணுமாம். கத்திக் கத்தி ஜோதிகிட்ட போயி, அவளும் மனசு எறங்கி ஒரு வாய் குடுத்துட்டா? தேதி பூடும்.”

ஆகவே அடுத்த வார லீவு நாளில் வீட்டிலேயே ட்ரையல் என்று முடிவாயிற்று. கம்பெனியில் தீ விபத்துக்கு ஒத்திகை நடத்துவார்களே, அதே முறை. பிள்ளை வயிறாரக் குடித்து முடித்ததும் அவன் விசில் ஊதுவான். ஜோதி உடனே பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும். விசில் என்னவோ பிரமாதமாகத்தான் ஊதினான். அதற்கே பிள்ளை பாதி பயந்துவிட்டாள். அவன் கைக்குப் போனதும் போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல், தெருவில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். தீ விபத்து ஒத்திகையாக இருந்திருந்தால் கலைமணிக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருக்கலாம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவன் இராமச்சந்திரன். ஜோதியின் அண்ணன், பென்னலூரில் இருக்கிறான், சொந்த வேன் ஓட்டுகிறான். உலகத்தில் எந்த வியாதிக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான், சாப்பாடு. “புள்ள பசியில துடிக்குது, நீ இன்னா மாப்ள விசிலு ஊதிகினு கீற?” என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்து ஜோதி மடியில் போட்டுவிட்டான். அவளும் சும்மா இருந்தாளா? கொடுத்துவிட்டாள். முதல் ட்ரையல் பெயில்.

கலைமணி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தான். பார்க்கிறவர்களுக்கு எச்சரிக்கை இல்லாததுதான் கோளாறு. மறுநாள் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. ‘பால் கொடுக்காதீர் – கலைமணி’ என்று எழுதி, கீழே போன் நம்பர். எனக்கு அது பரவாயில்லை என்றுதான் பட்டது. ஆனால் குளித்துவிட்டு வந்த ஜோதி அதைப் பார்த்தாள், அவ்வளவுதான். புளி டப்பா மூடி பெயர்ச்சீட்டோடு பறந்து வந்து என் சுவரில் மோதியது.

“எம் பொண்ணு உனுக்கு ரிஜெக்ட்டா?”

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் சிவப்பு அட்டை மாட்டினால் அந்தப் பொருள் தேறாது, தூக்கிப் போட வேண்டியது என்று அர்த்தமாம். ஜோதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கலைமணிக்குத் தெரியாமலா இருக்கும்? வேலையில் தினமும் மாட்டுகிறவன். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் பளிச்சென்று கண்ணில் படும் கலரை எடுத்துவிட்டான். அன்று முழுக்க அவன் வீட்டில் அவனுக்குச் சோறு இல்லை, என் வீட்டில்தான் சாப்பிட்டான். மறுநாள் அட்டை மஞ்சளாக மாறியது. “ஹோல்டும்மா. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிகீறோம், அவ்ளோதான்” என்று கெஞ்சினான். மஞ்சள் என்றதும் ஜோதி சமாதானமாகிவிட்டாள். வேறு எந்த ஊரிலாவது ஒரு பெண் இதற்குச் சண்டை போட்டு, இதற்குச் சமாதானமாவாளா?

அட்டையால் அழுகையை நிறுத்த முடியவில்லை. “அவ அம்மா வாசனையத் தேடுறாடா. பேசாம ஜோதி நைட்டிய எடுத்து மாட்டிக்கோ” என்றேன் ஒரு நாள். சத்தியமாகக் கிண்டலுக்குத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் கையில் நைட்டியோடு நிற்கிறான். பச்சை நிறம், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள், முன்பக்கம் ஜிப்.

“தோள்ல புடிக்குதுக்கா. கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடு. தண்ணில மட்டும் நனைச்சிடாத, வாசனை பூடும்.”

எத்தனையோ பெண்களுக்கு நைட்டி தைத்திருக்கிறேன். மீசைக்காரனுக்கு அக்குளில் ஒட்டுத்துணி வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. போட்டுக்கொண்டு வந்து நின்றான். நான் மெஷின்மேல் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, “கை தூக்க வருது, ஓகே” என்று தோளை உருட்டிப் பார்த்தான்.

நைட்டி ஓரளவு வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். பிள்ளை அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள், மூச்சை இழுத்தாள், அமைதியானாள். என் கடை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஜோதி, பக்கத்தில் நின்ற என்னிடம் கையைத் தட்டுவதுபோல் ஜாடை காட்டினாள். அப்புறம் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாசனைக்கு மேலே ஒரு பெரிய மீசை இருந்தது. அன்றைக்கு அழுத அழுகை போல் அவள் என்றைக்கும் அழுததில்லை. நம்பிக்கை மோசம் செய்துவிட்டார்கள் என்ற அழுகை அது.

அந்த மீசையை அவன் பாலிடெக்னிக் படிக்கும்போதிலிருந்து வளர்க்கிறான். கல்யாணப் பேச்சின்போது ஜோதி எடுக்கச் சொன்னாள், கேட்கவில்லை. இப்போது யாரும் சொல்லாமலேயே மழித்துவிட்டு வந்து நின்றான். மேலுதடு வெளுத்துப் போய், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். மறுநாள் கம்பெனி கேட்டில் முகத்தைக் காட்டி உள்ளே போகும் மெஷின் அவனை ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று நான்கு முறை காட்டியும் ‘ஆள் இல்லை’ என்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள், இவன் மட்டும் வெளியே நின்றான். எச்.ஆர். ஆபீசிலிருந்து ஆள் வந்து புது முகத்தைப் பதிவு செய்துதான் உள்ளே விட்டார்களாம்.

“வூட்லயும் ஒத்துக்கல, கேட்லயும் ஒத்துக்கல” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான்தான் அன்று சிரிக்கவில்லை. எனக்கு அவன்மேல் பாசமே வந்துவிட்டது.

கடைசியில் அவனுக்குக் கைகொடுத்தது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. ஒரு சாயங்காலம், நைட்டி போட்டாகிவிட்டது, மீசை இல்லை, மஞ்சள் அட்டை தொங்குகிறது, பிள்ளை அழுகிறாள். அவனுக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் வரிசையில் நின்று சொல்லும் பாதுகாப்பு உறுதிமொழி. வேறு வழியில்லாமல் அதை ஆரம்பித்தான்.

“இன்று நான் என் வேலையைப் பாதுகாப்பாகச் செய்வேன். ஷூவும் கையுறையும் இல்லாமல் லைனுக்குள் காலை வைக்கமாட்டேன். மெஷின் ஓடும்போது உள்ளே கையை விடமாட்டேன்...”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அழுகை நின்றுவிட்டது. என்ன ஆயிற்றோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆச்சரியத்தில் நிறுத்தினான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். “நானும் அவசரப்படமாட்டேன், பிறரையும் அவசரப்படுத்தமாட்டேன்” என்று கத்தினான். அவள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். என் கடையில் ஒளிந்திருந்த ஜோதி, “அக்கா, அழுவலக்கா, சிரிக்கிறாக்கா” என்று ஒரு வாடிக்கையாளரின் புதுத் துணியில் மூக்கைச் சிந்தினாள். அதற்கு அவளை நன்றாகத் திட்டினேன்.

பிறகு தினமும் உறுதிமொழிதான். ஓ.டி.யை எல்லாம் விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவான். கம்பெனி பஸ் சத்தம் கேட்டாலே பிள்ளை வாசல் பக்கம் திரும்புவாள். எங்கள் தெருவில் இப்போது யாரும் மெஷின் ஓடும்போது உள்ளே கையை விடமாட்டார்கள். என் தையல் மெஷினையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவனிடம் மெதுவாகச் சொன்னேன். “அதான் உன்கிட்ட நல்லா வராளே. பேன்ட் சட்டை போட்டுகினு போடா. ஆஸ்பத்திரில நாலு பேரு பாப்பாங்க.”

“ட்ரையல்ல எப்பிடி ஓடிச்சோ அப்பிடியே ஓட்டணும்க்கா. ஓகே ஆன பின்னால ஒரு போல்ட்டக்கூட மாத்தக் கூடாது.”

ஆகவே அப்படியே போனான். இராமச்சந்திரன் வேனில் எல்லோரும் கிளம்பினோம். ஜோதிக்குத் துணையாக நானும் போனேன். பேன்ட் சட்டைக்கு மேல் பச்சை நைட்டி, கையில் மஞ்சள் அட்டையோடு பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். “ஏம்மா... ஏன்யா... யாரு நீங்க?” என்று அவரே குழம்பிவிட்டார். “பேஷன்ட்டோட அப்பா” என்று கலைமணி நிமிர்ந்து சொன்னான். அவர் வழிவிட்டார்.

எங்களுக்கு இருந்த பெரிய ஆபத்து இராமச்சந்திரன்தான். அவன் சட்டைப்பையில் பன் இருப்பதை நான் பார்த்துவிட்டேன். கலைமணியும் பார்த்துவிட்டான். அவன் சண்டை போடவில்லை. “மச்சான், வார்டு வாசலுக்கு நீதான் செக்யூரிட்டி. திங்கிற பொருள் ஒண்ணும் உள்ள போவக் கூடாது. உன்னத் தவுர வேற யாரையும் நான் நம்பல” என்றான். பதவி கிடைத்ததும் இராமச்சந்திரன் ஆளே மாறிவிட்டான். முதல் வேலையாகத் தன் பன்னையே பறிமுதல் செய்து வெளியே வைத்தான். அடுத்த கட்டில்காரரின் இட்லியை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அம்மாவின் குரல் கேட்டது.

“யாருய்யா நீ, என் டீயப் புடிச்சி வெச்சிகினு கீற?”

“ரூல்ஸும்மா.”

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எங்களுக்கு முந்தைய ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போயிற்று. பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. உறுதிமொழியைச் சொன்னான், நின்றாள், முடித்தான், அழுதாள், மறுபடி சொன்னான். வார்டில் இருந்த மற்றத் தாய்மார்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கூடவே முணுமுணுத்தார்கள். மாடிப்படிக்குப் பின்னால் ஜோதி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். அந்த அழுகை காதில் விழ விழ அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன்.

இராமச்சந்திரனால் தாங்க முடியவில்லை. காவலை விட்டுவிட்டு உள்ளே வந்தான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “மாப்ள, ஒரே ஒரு வாய் குடுத்துரு மாப்ள. யாருக்குத் தெரியப் போவுது?”

சொல்லிச் சொல்லிக் கலைமணியின் குரல் கட்டிப்போயிருந்தது. “மச்சான், நான்தான் அவள பட்டினி போட்டுகினு கீறேன். எனுக்கு மட்டும் நல்லா கீதா? நிக்கிறதா இருந்தா கூட நின்னு சொல்லு. இல்லாட்டி வெளிய போயிரு.”

இராமச்சந்திரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்று நான் என் வேலையை...” என்று ஆரம்பித்தான். அவன் கட்டைக் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை மாமனையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்து, களைத்துப்போய், அப்பன் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஒரு சொட்டுப் பால் உள்ளே போகவில்லை.

கூப்பிட்டார்கள். தியேட்டர் வாசல் வரைக்கும் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். ஜோதி சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்து, பிள்ளையின் பிடரியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள். நானும் அவளும் நடையின் இந்தக் கோடியில் நின்றோம். அவன் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனான்.

கதவு திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு சிஸ்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். யார் நீட்டினாலும் தாவுகிற பிள்ளை அவரைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், நைட்டியின் ஜிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்தினாள். சிஸ்டர் இடுப்பில் கைபோட்டு இழுத்தார். வரவில்லை. முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

கலைமணி எங்கள் பக்கம் திரும்பினான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் கண்டதே இல்லை. “ஜோதி! பாத்தியா ஜோதி! என்னாண்டருந்து போவ மாட்டேங்கிறா!” என்று அந்த நடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். ஜோதி அழுதுகொண்டே சிரித்தாள்.

சிஸ்டர் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். அவன் திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் அவன் இத்தனை நாளும் பழகியிருந்தான். கொடுக்கப் பழகவில்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு அவனே அவள் விரல்களை ஜிப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த விரல் மறுபடி போய்ப் பிடித்தது, மறுபடி பிரித்தான். அவள் காதில் என்னவோ சொன்னான், எங்களுக்குக் கேட்கவில்லை. சிஸ்டர் வாங்கிக்கொண்டார். கதவு மூடிய பிறகும் “ப்பா, ப்பா” என்று உள்ளே அவள் அலறுவது கேட்டது. அதுவரைக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவன் கதவைப் பார்த்தபடியே நின்றான். பிள்ளையைத் தாங்கியிருந்த கைகள் மடங்கியபடியே இருந்தன, கீழே இறங்கவில்லை. ஜோதி ஓடிப்போய் அந்தக் கைகளுக்குள் நின்றுகொண்டாள்.